பெரெக்கின் "பொருள்கள்": ஆசையும் காலமும்

வீட்டையும் அதன் தளபாடங்களையும் விரிவாக வருணித்து, அவ்வருணனையின் வாயிலாக அங்கு வாழ்வாரின் இயல்பைப் புலப்படுத்துதல் ஐரோப்பிய நாவலாசிரியர் நெடுங்காலமாகக் கையாண்டுவந்த முறையாகும். பால்சாக்கின் "கோரியோத் தந்தை" என்னும் நாவலில் வோக்கே அம்மையாரின் விடுதி வருணிக்கப்படும் பகுதியை இதற்குத் தக்க சான்றாகக் கொள்ளலாம். அவ்விடுதியின் பழுதுற்ற தளபாடங்களையும் அதன் அறைகளிலே தங்கிவிட்ட நாற்றத்தையும் அறிந்துகொண்ட வாசகர், அம்மையார் வாய்திறந்து பேசுமுன்னரே அவரை முற்றாக அறிந்தவராகின்றார். பொருள் ஈண்டு மனிதருக்குச் சாட்சி. 1965ஆம் ஆண்டிற் பாரிஸில் வெளிவந்த ஒரு சிறு நாவல் இம்முறையைத் தலைகீழாகப் புரட்டியது. அதன் முதலதிகாரம் முழுவதும் ஒரு வீட்டின் வருணனையே. ஆனால் அவ்வீட்டில் வாழ்வார் எவருமிலர். அவ்வீடுதானும் யாண்டும் இல்லை.

ஜோர்ஜ் பெரெக் என்னும் பிரெஞ்சு எழுத்தாளரின் "பொருள்கள்" என்பதே அந்நாவல். "அறுபதுகளின் கதை" என்பது அதன் துணைத்தலைப்பு. பெரெக் 1936இற் பாரிஸிற் பிறந்தவர். போலந்திலிருந்து குடிபெயர்ந்த யூதப் பெற்றோரின் மகன். தந்தை 1940இற் போர்முனையில் இறந்தார். தாய் 1943இல் அவுஷ்விற்சு முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு மீளாது போனார். அத்தையின் குடும்பத்தில் வளர்ந்த பெரெக், பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, பட்டம் பெறாதே வெளியேறி, சந்தை ஆய்வு நிறுவனங்களுக்காக மக்களிடஞ் சென்று வினாக்கேட்கும் தொழிலைச் சிலகாலம் செய்தார். இருபத்தொன்பதாம் வயதில் வெளியிட்ட இம்முதல் நாவலுக்கே ரெனோடோப் பரிசு அவ்வாண்டிற் கிடைத்தது. பிரெஞ்சு மொழியில் மிகுதியாக வழங்கும் உயிரெழுத்தொன்றை அறவே விலக்கி எழுதிய நாவலாலும் (1969), ஒரு மாடிக்கட்டடத்தின் அறைகளைக் கதைகளால் நிரப்பிய பெருநாவலாலும் (1978) அவர் விந்தையாளர் என்றே பின்னாளில் அறியப்படலானார். அவ்விந்தைகளின் ஒளியில் முதல் நாவல் சற்று மங்கித் தோன்றுதல் இயல்பே. ஆயினும், பல்கலைக்கழக வாயிலைக் கடந்து வெளிவரும் இளைஞர் கடைவீதியிலும் திரையரங்கிலும் வாரப் பத்திரிகையிலும் தம்மைத் தேடியலையும் நிலையை இதனினும் நுணுக்கமாகச் சித்திரித்த நாவல் பிறிதொன்று உண்டோ என்பது ஐயமே.

தலைப்பைத் தமிழிற் பெயர்க்கும்போதே ஒரு சிக்கல் எழுகின்றது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் வழங்கும் "சாமான்கள்" என்னும் சொல்லே பிரெஞ்சுத் தலைப்புக்கு நெருங்கியது எனலாம். கைக்கும் கண்ணுக்கும் அகப்படுவன யாவும் அதில் அடங்கும். ஆனால் தமிழில் "பொருள்" என்பது பண்டத்தையுங் குறிக்கும், செல்வத்தையுங் குறிக்கும், சொல்லின் கருத்தையுங் குறிக்கும். அறத்துக்கும் இன்பத்துக்கும் நடுவில் வைத்து எண்ணப்படுவதும் அதுவே. பெரெக்கின் கதைமாந்தர் பண்டத்தைத் தேடுகின்றனர். பண்டத்துக்குப் பின்னாற் செல்வத்தைத் தேடுகின்றனர். செல்வத்துக்குப் பின்னால் தம் வாழ்வுக்கு ஒரு கருத்தைத் தேடுகின்றனர். ஆசிரியருக்குத் தம் மொழியில் வாய்க்காத இச்சிலேடை தமிழ் வாசகருக்கு எளிதிற் கிடைக்கின்றது. ஆதலின் "பொருள்கள்" என்றே கொள்ளுதல் தகும்.

முதலதிகாரத்தின் வீட்டைச் சற்று நின்று காணுதல் வேண்டும். நீண்டு உயர்ந்து ஒடுங்கிய நடைக்கூடம். அதிற் சாம்பல்நிறக் கம்பளம். செம்பு அணிகள் மின்னும் வெளிர்மர அலுமாரிகள். சுவரில் மூன்று படங்கள். ஒன்று எப்சம் பந்தயத்தில் வென்ற குதிரை. மற்றொன்று பக்கச்சக்கரங்களாற் செலுத்தப்படும் நீராவிக் கப்பல். மூன்றாவது ஸ்டீவன்சனின் புகையிரத இயந்திரம். அப்பால் ஏழு மீற்றர் நீளமும் மூன்று மீற்றர் அகலமுங் கொண்ட கூடம். தேய்ந்த கறுப்புத் தோற் சோபா. நூல்கள் நெருங்கி நிற்கும் தட்டுகள். இவ்வறைகளினூடே கண் ஒன்றே உலாவுகின்றது, காலடியோசை கேட்பதில்லை. எழுதும் மேசையுள்ள அறையை அடைந்ததும் கண் சற்றே தயங்கி நிற்கின்றது. அங்குள்ள படங்களுள் அன்ரொனெல்லோ தா மெசீனா வரைந்த புனித ஜெரோம் உண்டு. பிரனேசியின் சிறைக்கூடமொன்று உண்டு. அங்கரின் உருவப்படமொன்றும் கிளேயின் சிறு நிலக்காட்சியொன்றும் உண்டு.

இவற்றை ஆடம்பரப் பட்டியலென்று தள்ளிவிடுவோர் நாவலின் உயிர்நிலையைத் தவறவிடுவர். அன்ரொனெல்லோவின் அவ்வோவியம் இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளது. பேராலயம் போன்ற கட்டடத்தின் நடுவே, உயர்த்தியமைத்த மரமேடையில், நூல்கள் சூழ அமர்ந்து வாசிக்கும் அறிஞரை அது காட்டுகின்றது. நாவலின் தலைவன் பெயரும் ஜெரோம் என்பது தற்செயலன்று. பெரெக்குக்கு அவ்வோவியத்தில் இருந்த ஈடுபாடு 1974இல் வெளிவந்த அவருடைய கட்டுரை நூலாலும் உறுதிப்படுகின்றது. ஆகவே, கனவு வீட்டின் நடுவில் வைக்கப்பட்டிருப்பது செல்வர் சாயும் இருக்கையன்று, கற்றோர் அமரும் மேசை. இத்தகைய ஆசை பணப்பெட்டியை எண்ணிப்பார்க்கும் உலோபியின் ஆசையோடு ஒருங்குவைத்து எண்ணத்தக்கதன்று. இன்ன படம் இன்னார் வரைந்தது என இனங்காணப் பழகியவர்க்கன்றி இவ்வாசை தோன்றாது. பள்ளிக்கூடமும் நூல்நிலையமும் ஓவியக்கூடமும் ஊட்டி வளர்த்த ஆசை இது. கடைக்காரர் அதற்கு விலை குறித்தனர், அவ்வளவே.

இரண்டாம் அதிகாரத்தில் வாசகர் உண்மை வீட்டுக்கு வருகின்றார். ஜெரோமுக்கு வயது இருபத்துநான்கு; சில்விக்கு இருபத்திரண்டு. பாரிஸின் தாவரவியற் பூங்காவுக்கு அணித்தாயுள்ள அவர்களது வாசஸ்தலத்தின் பரப்பு ஏறத்தாழ 35 சதுர மீற்றர். அதனை அளந்துபார்க்கும் துணிவும் அவர்களுக்கு ஒருபோதும் வந்ததில்லை என்று ஆசிரியர் குறிப்பிடுகின்றார். ஒரே அறை வாசிப்பறையாகவும் இருப்பறையாகவும் விருந்தினர் அறையாகவும் பயன்படுகின்றது. நூல்கள் கதிரையிலுங் கிடக்கின்றன, நிலத்திலுங் கிடக்கின்றன. திருத்தியமைப்பதாயின் எங்கிருந்து தொடங்குவது என்று திட்டமிடுவதிலேயே வீடு பழுதடைந்துகொண்டு போகின்றது.

இருவரும் சிறு நடுத்தர வர்க்கத்தினர். படிப்பை முடித்துப் பட்டம் பெறும் வழி அவர்களுக்கு அடைபட்டிருக்கவில்லை. ஆனால் அப்பட்டம் தரக்கூடியது பாரிஸுக்கு வெளியே சிறு நகரொன்றில் ஓர் ஆசிரியர் பதவியும் சொற்பச் சம்பளமுமே என்னும் நினைவு அவர்களை அச்சுறுத்துகின்றது. ஆசிரியர்களாயுள்ள வாசகர் இவ்விடத்திற் புன்முறுவல் செய்யக்கூடும். சிலர் முகஞ்சுளிக்கவுங் கூடும். எனினும் பெரெக் இவ்வச்சத்தை இகழவுமில்லை, நியாயப்படுத்தவுமில்லை. படிப்பானது ஒருவரை ஓர் இடத்துக்கு ஆயத்தஞ்செய்துவிட்டு, மற்றோர் இடத்துக்கு அனுப்பிவைக்கும்போது நேரும் தடுமாற்றத்தை அவர் உள்ளது உள்ளவாறு பதிவுசெய்கின்றார். படிப்பைப் பாதியில் விட்டவர்கள் எத்தொழிலை நாடினரோ, அத்தொழில் அப்போது பிரான்சிற் புதியது. பயிற்சியை மிகுதியாகக் கேட்பதன்று. நாளாந்தம் கூலி தருவது. மாலைப்பொழுதை அவர்களுக்கே விட்டுவிடுவது. அதுவே சந்தை ஆய்வு.

தூசுறிஞ்சும் இயந்திரம் ஒருவகையில் ஏன் விற்பனையாவதில்லை? சிக்கரிப் பானத்தைப் பற்றி எளிய குடும்பத்தினர் யாது கருதுகின்றனர்? உடனே கரைத்துண்ணத்தக்க உருளைக்கிழங்கு மாவை இல்லத்தரசியர் விரும்புவரா? இத்தகைய வினாக்களோடும் ஒலிப்பதிவுக் கருவியோடும் அவர்கள் கதவுகளைத் தட்டுகின்றனர். பிறருடைய ஆசைகளை வகைப்படுத்தி அட்டவணையாக்குவதே அவர்கள் கற்ற கல்விக்குக் கிடைத்த பயன். இதில் ஒரு கொடிய நகை உண்டு. மனிதர் ஒரு பண்டத்தை ஏன் விரும்புகின்றனர் என்னும் கேள்வியை ஆண்டுக்கணக்கிற் கேட்டுத் திரிந்தவர்கள் அதனைத் தம்மிடம் ஒருமுறையேனும் கேட்டாரல்லர். சமூகவியற் சொற்கள் அவர்கள் நாவில் நிரம்ப உண்டு. அச்சொற்கள் பிறர் கதவளவில் நின்றுவிடுகின்றன.

அவர்கள் பொருள் வாங்கும் முறையும் கவனித்தற்குரியது. 1963ஆம் ஆண்டு பாரிஸுக்குத் தெற்கே செந்த் ஜெனவியேவ் தே புவா என்னும் இடத்தில் 2,500 சதுர மீற்றர் பரப்பில் கர்பூர் நிறுவனத்தின் பேரங்காடி திறக்கப்பட்டது. உணவும் உடையும் ஒரே கூரையின்கீழ் விற்கப்படும் அம்முறை பிரெஞ்சு மக்களின் நாளாந்த வாழ்வை விரைவில் மாற்றியது. ஆனால் பெரெக்கின் இளைஞர் அத்திசையை நோக்குவாரல்லர். அவர்கள் செல்வது பழஞ்சாமான் சந்தைக்கு. ஆங்கிலேயர் அணியும் வகைச் சட்டைகள், தரமான தோற் சப்பாத்துகள், பழைய கண்ணாடிப் பாத்திரங்கள் ஆகியவற்றைக் குவியல்களிடையே கிண்டியெடுப்பதில் அவர்களுக்கு ஓர் இறுமாப்பு உண்டு. மலிவாக வாங்குகின்றனர், ஆயின் மலிவானதை வாங்குகின்றனரல்லர். மாணவராயிருந்த காலத்தில் உடையிலும் உணவிலும் எவ்வித நாட்டமுமின்றி இருந்தவர்கள், முதன்முதற் கூலி கைக்கு வந்ததும் தம் தோற்றத்தைப் பற்றி வெட்கமுறத் தொடங்குகின்றனர். அவ்வெட்கத்திலிருந்தே சுவை பிறக்கின்றது. சுவை என்பது வர்க்க வேறுபாட்டின் அடையாளம் எனச் சமூகவியலறிஞர் பியேர் பூர்தியு 1979இற் பெருநூலொன்றில் நிறுவினார். பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னரே அதனை ஒரு சட்டையின் கழுத்துப்பட்டியிற் காட்டிவிட்டவர் பெரெக்.

வாரப் பத்திரிகையைப் பற்றிய பக்கங்கள் நாவலின் மிகக் கூரிய பகுதிகளுள் அடங்குவன. அக்காலத்து "எக்ஸ்பிரஸ்" இதழ் இடதுசாரி அரசியலையும் இனிய வாழ்க்கைக்கான விளம்பரங்களையும் ஒரே தாளில் அச்சிட்டுவந்தது. ஜெரோமும் சில்வியும் அவர்தம் நண்பரும் அதனைக் குறைகூறாத வாரமில்லை, வாங்காத வாரமுமில்லை. தாம் வெறுப்பதாகச் சொல்லும் ஏடு தம் மனத்தைத் தம்மினும் நன்கறிந்திருந்தமையே அவர்களது எரிச்சலுக்குக் காரணம். திரைப்படத்தின்பால் அவர்களுக்கிருந்த காதல் வேறு வகையினது. அது வாங்கி வைத்துக்கொள்ளும் பொருளன்று. அமெரிக்கப் படங்களைத் தேடிப் பாரிஸின் மூலைமுடுக்குகளிலுள்ள சிறு அரங்குகளுக்கெல்லாம் அலைந்தனர். விளக்கணையும் கணத்தில் உள்ளங் கிளர்ந்தனர். ஆயினும் படம் முடிந்து வெளியே வரும்போது, தாம் காண விழைந்த படம் இதுவன்று என்னும் ஏமாற்றம் அடிக்கடி அவர்களைப் பற்றியது. தம் உள்ளத்துள் ஓடிக்கொண்டிருந்த படத்தை எவரும் எடுத்திருக்கவில்லை. இவ்வேமாற்றத்தை எழுதும்போது மட்டும் பெரெக்கின் நடையில் ஏளனம் அறவே மறைந்து கனிவு தோன்றுகின்றது.

நாவல் வெளிவந்த நாள்தொட்டு அதனைப் பற்றி இருவகைக் கருத்துகள் வழங்கிவருகின்றன. நுகர்ச்சி வெறிக்கு எதிரான கண்டனம் என்பது ஒன்று. போருக்குப் பின் 1945 முதல் 1975 வரை பிரான்சு கண்ட பொருளாதார வளர்ச்சிக் காலத்தின் சமூகவியல் ஆவணம் என்பது மற்றொன்று. பின்னைய கருத்துக்கு வலுவூட்டுவதுபோலச் சான் போத்ரியார் 1968இல் வெளியிட்ட பொருள்களின் அமைப்புமுறை பற்றிய நூலில் இந்நாவலை எடுத்தாண்டுள்ளார். முன்னையதைப் பெரெக் தாமே மறுத்தார். இக்காலப் பொருள்களுக்கும் இன்பத்துக்குமிடையே விலக்கவியலாத் தொடர்பு உண்டென்றும், தம் நூலை வெறுங் கண்டனமாகக் கொள்வோர் அதனை விளங்கிக்கொள்ளவில்லையென்றும் கருத்துப்படப் பேசினார். ஆசிரியரின் மறுப்பு ஒன்றே போதிய சான்றாகாது. நூலில் அதற்கு ஆதாரம் உண்டோ என்பதை நோக்குதல் வேண்டும். ஆதாரம் உண்டு, அது கதைப்பொருளில் இல்லை, வினைச்சொற்களில் உள்ளது.

முதலதிகாரத்தின் வினைகள் பெரும்பாலும் நிபந்தனைப் பொருளன. பிரெஞ்சு மொழியில் அதற்கெனத் தனிவடிவம் உண்டு; வாய்ப்பிருந்தால் இன்னது நிகழும் என்னும் கருத்தை அது ஓர் ஈற்றினாலேயே உணர்த்திவிடும். கண் நடைக்கூடத்தில் உலாவியது என்றோ உலாவுகின்றது என்றோ ஆசிரியர் எழுதவில்லை. அவ்வீடு இருந்திருப்பின் உலாவியிருக்கும் என்னும் சாயலிலேயே எழுதிச்செல்கின்றார். பாரிஸ் வாழ்க்கையைக் கூறும் அதிகாரங்களில் வேறொரு வடிவம் வருகின்றது. அது முற்றுப்பெறாத இறந்தகாலம்; வழக்கமாக நிகழ்ந்துவந்ததைக் குறிப்பது. சென்றனர், வாங்கினர் என்று ஒருமுறை நடந்து முடிந்த செயல் அங்கு அரிது. செல்வது வழக்கம், வாங்குவது வழக்கம், நண்பரோடிருந்து விடியும்வரை பேசுவது வழக்கம் என்றே கதை ஓடுகின்றது. முடிவுரையிலோ வினைகள் எதிர்காலத்துக்கு மாறிவிடுகின்றன. விருப்பம், வழக்கம், வருவது என மூன்று. ஒரு செயலைத் துணிந்து செய்து முடித்ததாகக் கூறும் வினை இரண்டாம் பகுதியின் வாயிலில் தலைகாட்டுகின்றது; அச்செயலும் பாரிஸை விட்டுத் தப்பியோடும் முயற்சியேயன்றி வேறன்று.

தமிழில் இந்நாவலைப் பெயர்க்கப் புகுவார்க்கு இங்கே ஒரு வியப்புக் காத்திருக்கின்றது. "பணமிருந்தால் வீடு கட்டுவான்" என்பது விருப்பத்தையும் நிபந்தனையையும் சார்ந்தது. "அந்நாளில் அவன் மாலைதோறும் சந்தைக்குப் போவான்" என்பது கழிந்தகால வழக்கம். "நாளை ஊருக்குப் புறப்படுவான்" என்பது எதிர்வு. மூன்றுக்கும் இடைநிலை ஒன்றே. நன்னூலார் காலம் மூன்றென வகுத்தார். எனினும் எதிர்கால வடிவம் விருப்பத்தையும் வழக்கத்தையும் ஒருங்கே சுமந்து வழக்கில் வாழ்கின்றது. பெரெக் மூன்று வடிவங்களாற் பிரித்துக்காட்டியதைத் தமிழ் ஒரு வடிவத்துள் அடக்கிவிடும். இது மொழிபெயர்ப்பாளருக்கு இடர். ஆயின் திறனாய்வாளருக்கு வெளிச்சம். ஜெரோமும் சில்வியும் எதை விழைந்தார்களோ அதுவே அவர்களின் நாளாந்த வழக்கமாயிற்று. அவ்வழக்கமே அவர்களின் வருங்காலமுமாயிற்று. இவற்றிடையே நிகழ்வு என்பதொன்று அவர்களுக்கு இருக்கவேயில்லை. நுகர்ச்சியைக் கண்டிக்கும் நூலாயின் அவர்கள் பொருள்களிலே மூழ்கிக்கிடப்பதை நிகழ்காலத்திற் காட்டியிருத்தல் வேண்டும். உண்மையில் அவர்கள் கையிற் பொருள் அதிகமில்லை. வீட்டிற் குவிந்துகிடப்பது வாங்கியவையல்ல, வாங்கவேண்டியவை. பெரெக் வழக்கிடுவது ஆசையோடன்று. ஆசையைக் கற்பித்துவிட்டு நிகழ்காலத்தைப் பறித்துக்கொள்ளும் ஏற்பாட்டோடு.

அரசியல் நாவலில் இல்லாமலில்லை. அல்ஜீரியப் போர் 1954 முதல் 1962 வரை நடைபெற்றது. பெரெக்கின் தலைமுறை அதன் நிழலிலே முதிர்ந்தது. ஜெரோமும் நண்பரும் ஊர்வலங்களுக்குச் செல்கின்றனர்; குழுக்களிற் பெயர் கொடுக்கின்றனர். போர் ஓயும்போது அவர்களின் அரசியலும் ஓய்ந்துவிடுகின்றது. இப்பகுதி சுருக்கமானது, அதன் சுருக்கமே ஒரு தீர்ப்பு.

நாவலின் மிகச் சிறந்த பகுதி துனீசியாவில் நிகழ்வது. நண்பர் ஒவ்வொருவராக நிலையான உத்தியோகங்களிற் சேர்ந்து பிரிந்துபோக, இவ்விருவரும் ஸ்பாக்ஸ் நகருக்குப் பெயர்கின்றனர். அங்குத் தொழில்நுட்பக் கல்லூரியிற் சில்விக்கு ஆசிரியர் பதவி கிடைக்கின்றது. சிறு நகர் ஆசிரியர் வாழ்வுக்கு அஞ்சிப் படிப்பைக் கைவிட்டவர்கள், கடல் கடந்து அதே வாழ்வில் வந்து சேர்கின்றனர். ஜெரோமுக்குத் தொழிலில்லை. பாரிஸில் அவர்கள் ஏங்கிய இடவசதி இங்கே உண்டு. அறைகள் உயர்ந்தவை, விசாலமானவை, ஆனால் வெறுமையானவை. கடைத்தெரு உண்டு, அங்கு விற்கப்படும் பொருள்களும் உண்டு. அவற்றுள் ஒன்றேனும் அவர்களை அழைப்பதில்லை. ஆசை அவியாதபோது துறவு என்று சொல்லவியலாது. ஆசைக்கு உருக்கொடுத்த பத்திரிகையும் கடைக்கண்ணாடியும் நண்பர் கண்களும் அகன்றுவிட்டமையின் அது உருவிழந்துபோயிற்று. தம்முடையதென்று அவர்கள் நம்பியிருந்த சுவை பாரிஸின் சில தெருக்களுக்கு உரியது என்பது மத்தியதரைக் கடலின் மறுகரையிலேதான் வெளிப்படுகின்றது. எட்டு மாதங்கள் அவர்கள் அத்தெருக்களில் நடக்கின்றனர், அவ்வளவே நிகழ்கின்றது. நிகழ்ச்சியின்மையை இத்தனை பக்கங்களுக்கு அலுப்பின்றி எழுதிச்செல்லல் எளிதன்று.

இதே பகுதியில் நாவலின் குறையும் வெளிப்படுகின்றது. 1956இற் சுதந்திரம் பெற்று அப்போதுதான் எழுந்துநின்ற ஒரு நாட்டின் இரண்டாம் பெருநகர் ஸ்பாக்ஸ். அந்நகர மக்களுள் ஒருவர்தாமும் இந்நாவலில் முகம்பெற்று நிற்பதில்லை. சில்வியிடம் கற்கும் மாணவர் எத்தகையோர், கல்வியிலிருந்து அவர்கள் யாதை எதிர்பார்த்தனர் என்பதை அறிய விழையும் வாசகர் வெறுங்கையோடு திரும்புவர். இது கதைமாந்தரின் குருடேயன்றி ஆசிரியரின் குருடன்று எனச் சிலர் வாதிடுதல் கூடும். அவ்வாதம் ஓரளவே பொருந்தும். பாரிஸில் அலுமாரிப் பிடியின் உலோகத்தைக்கூடத் தம் கண்ணாற் கண்டு எழுதிய ஆசிரியர், ஸ்பாக்ஸில் மட்டும் தம் மாந்தரின் கண்ணளவில் நின்றுவிட்டார். கல்வி எழுப்பும் ஆசையே நூலின் கருவாதலின், வகுப்பறையை வெறுமையாக விட்டமை சிறு குறையன்று. சில்வியைப் பற்றியும் இவ்வாறே கூறவேண்டியுள்ளது. நாவல் எங்கும் "அவர்கள்" என்னும் பன்மையே ஆட்சி செய்கின்றது. உரையாடல் இல்லையென்றே சொல்லலாம். பன்மை ஒரு தலைமுறையைக் காட்டப் பயன்பட்டது உண்மை. ஆயின் அப்பன்மைக்குள் சமைத்தவர் யார், துவைத்தவர் யார், ஸ்பாக்ஸிற் சம்பளம் கொண்டுவந்த பெண் வீடு திரும்பியபோது அங்கே காத்திருந்தது யாது என்பன மறைந்துபோயின. பொருள்கள் அனைத்தையும் எண்ணிய நூல் அவற்றைத் துடைத்து வைத்த கையை எண்ணவில்லை.

பெரெக் தம் முன்னோடிகளை மறைத்தவரல்லர். 1967இல் இங்கிலாந்தின் வோரிக் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையிற் பிளோபேர், நிசான், அந்தெல்ம், பார்த் ஆகிய நால்வருக்கும் தாம் பட்ட கடனைக் கூறினார். ரோலான் பார்த் 1957இல் வெளியிட்ட கட்டுரைகள், சலவைத்தூள் முதல் மோட்டார் வண்டி வரை நாளாந்தப் பொருள்கள் எவ்வாறு புராணமாகின்றன என்பதை ஆராய்ந்தவை. பிளோபேரின் கடனே பெரிது. 1869இல் வெளிவந்த அவருடைய "உணர்ச்சிக் கல்வி"யும் படிப்புக்காகப் பாரிஸுக்கு வந்த இளைஞனின் கதைதான். அவனும் காத்திருந்தே காலத்தைக் கழித்தவன். அந்நாவலின் தொடக்கத்தில் அவ்விளைஞன் பயணஞ்செய்யும் கப்பலின் பெயர் "மோந்தெரோ நகர்". கனவு வீட்டின் நடைக்கூடத்தில் இரண்டாவதாகத் தொங்கும் படத்திலுள்ள நீராவிக் கப்பல் அதுவே. தம் கனவைத் தாமே அலங்கரித்ததாக நம்பும் இளைஞர், நூறாண்டுக்கு முந்திய ஏமாற்றமொன்றைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருக்கின்றனர். அவர்கள் படித்தவர்கள், அந்நாவலை வாசித்திருக்கவுங் கூடும். வாசிப்பு அவர்களைக் காக்கவில்லை.

முடிவுரையில் அவர்கள் பாரிஸுக்கு மீள்வார்கள். முப்பதை அணுகும் வயதில் பொர்தோ நகரின் விளம்பர முகவர் நிலையமொன்றை நடத்தும் பொறுப்பை ஏற்பார்கள். புகையிரதத்தின் முதலாம் வகுப்பிற் பயணஞ் செய்வார்கள். பெட்டியின் சொகுசும் உணவுமேசையின் வெண்விரிப்பும் கனத்த கரண்டிகளும் அவர்களுக்கு நிறைவளிக்கும். பரிமாறப்படும் உணவிற் சுவை இராது. இதற்குமேல் ஆசிரியர் ஏதும் உரைப்பதில்லை. ஆராய்ச்சியின் வழிமுறை பற்றிய மார்க்ஸின் கூற்றொன்றை மட்டும் இறுதியில் வைத்துவிட்டு விலகிக்கொள்கின்றார். இதனைத் தண்டனை என்று கொள்வோர் உளர். தண்டனையாயின் விபத்தோ வறுமையோ வந்திருத்தல் வேண்டும். வந்தது உத்தியோக உயர்வு. அவர்கள் கேட்டவற்றுட் பெரும்பகுதி கிடைக்கப்போகின்றது. அன்ரொனெல்லோவின் படத்தை அவர்கள் வாங்கி மாட்டக்கூடும். அதன் கீழமர்ந்து வாசிப்பதற்கு மாலைகள் எஞ்சுமா என்பதைப் பெரெக் சொல்லாது விடுகின்றார்.

1960ஆம் ஆண்டிற் பெரெக்கும் மனைவியாரோடு ஸ்பாக்ஸ் சென்றவரே. மனைவியார் அங்கு ஆசிரியராகக் கடமையாற்றினார். 1961இற் பாரிஸ் திரும்பிய பெரெக், மருத்துவ ஆராய்ச்சிக்கூடமொன்றில் விஞ்ஞானக் கட்டுரைகளைக் குறிப்பட்டைகளிற் பதிந்து வகைப்படுத்தும் ஆவணக்காப்பாளராகச் சேர்ந்தார். விளம்பரத் துறைக்கு அவர் போகவில்லை. "பொருள்கள்" பரிசு பெற்ற பின்னரும் அவ்வேலையை விடவில்லை. சொற்பச் சம்பளத்தில் 1978 வரை அங்கேயே இருந்தார். அவருடைய நூல்களுட் பெரும்பாலானவை அவ்வேலைக்குப் புறம்பான பொழுதுகளில் எழுதப்பட்டவை.